தேதி கேட்ட பெட்டி

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கடைசிப் பாகத்தைக் கோட்டுக்குள் அணைத்தபடி
நான்கு மாடி ஏறி வந்தேன்.
உடனே பிரிக்காதீர்கள் அக்கா,
என்றிருந்தான் கடைக்கார ஷினேபயார்.
குளிர்ந்த உலோகம் வீட்டுச் சூட்டில் வியர்க்கும்,
வியர்வை அடங்கட்டும்.

அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்து
எதிரே உட்கார்ந்தேன்.
நானும் பேசவில்லை, அதுவும் பேசவில்லை.

பதினொரு மாதம்,
சம்பளத்துக்கு ஒன்றாக வாங்கியவை.
பிப்ரவரியில் கூடு. மார்ச்சில் பவர் சப்ளை.
கோடையில் ஒன்றுமில்லை, கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது.
மதர்போர்டுக்கு ஆறு மாத உத்தரவாதம்;
போன வாரம் முடிந்தது.
அதற்கு உயிர் இருக்கிறதா என்பதே
எனக்கு இன்னும் தெரியாது.

போன்தான் இருக்கிறதே, இது எதற்கு,
என்றார் லுவ்சான்.

பதினேழு வருடமாக மின்மானி படிக்கிறேன்.
ஆயிரத்து இருநூறு கதவுகள்.
நாய்களைத் தெரியும், பாக்கிகளைத் தெரியும்,
எந்த வீட்டில் ஹீட்டரை அணைக்காமல்
தூங்குகிறார்கள் என்று தெரியும்.
மின்சாரம் வாசல்வரை வருவதைத்தான் பார்த்திருக்கிறேன்.
உள்ளே போய் அது என்ன செய்கிறதென்று
யாரும் கூப்பிட்டுக் காட்டியதில்லை.
இதைச் சொன்னால் லுவ்சான் சிரிப்பார்.
நல்ல மனிதர்தான்.
சொல்லவில்லை.

இந்த ஊர்க் குளிரில் காற்றுக்கு ஈரமே கிடையாது.
ஸ்வெட்டரைக் கழற்றினால் இருட்டில் பொறி பறக்கும்.
பூனையைத் தடவினால் பூனை கோபிக்கும்.
அப்படி ஒரு பொறி போதும்,
பதினொரு மாதமும் சத்தமில்லாமல் செத்துப்போக.
அதனால் கம்பளியை எல்லாம் களைந்துவிட்டு
பருத்தி உள்சட்டையும் வெறுங்காலுமாக
சமையலறையில் நின்றேன்.
வெந்நீர்க் குழாயில் பெயின்ட் உதிர்ந்த ஓரிடம் உண்டு.
ஒரு ஸ்க்ரூ, ஒருமுறை குழாய்.
ஒரு ஸ்க்ரூ, ஒருமுறை குழாய்.
லுவ்சான் கதவோரம் நின்று பார்த்தார்.
டீயை மேஜையில் வைக்காமல்
தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

ப்ராசசரின் மூலையில் ஒரு பொன் முக்கோணம்.
அழுத்தக் கூடாது, அதுவாக விழ வேண்டும்.
விழுந்தது.
மேலே அந்தக் கம்பியைத் தாழ்த்தினால்
எலும்பு நெரிபடும் சத்தம்.
பொருந்தினாலும் இதே சத்தம்தானாம்,
உடைந்தாலும் இதே சத்தம்தானாம்.

இரவு இரண்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.

மறுபடி அழுத்தினேன்,
லிஃப்ட் வராதவர்கள் அழுத்துவதுபோல.
ராமைக் கழற்றி மாட்டினேன்.
மயிரிழை ஒயர்களை இடம் மாற்றினேன்.
பெயின்ட் உதிர்ந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு
விரல் நுனி வெந்துபோயிருந்தது.
மூன்றே காலுக்கு, அழுகை வருவதற்குச் சற்று முன்,
பெட்டியைத் திருப்பினேன்.
பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச்.
ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் சுழி.
சுழியில் கிடந்தது.

கரன்ட் இல்லை என்று புலம்புகிற ஒவ்வொரு வீட்டிலும்
பதினேழு வருடமாக நான் கேட்கும் முதல் கேள்வி:
மெயின் போட்டிருக்கிறதா, பார்த்தீர்களா?

கோட்டின் பக்கம் தள்ளினேன்.
ஃபேன் ஒரு கணம் தயங்கிச் சுழன்றது.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.
வணக்கம் சொல்லவில்லை,
தேதி கேட்டது.

அதன் கணக்கில் அன்று
எட்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.
அந்த ஜனவரியில் நான் யார் என்று யோசித்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை.
இதே வேலை, இதே கோட்டு;
கோட்டில் எல்லாப் பொத்தானும் இருந்தன.

வருடத்தைத் திருத்தினேன். நாளை, மணியை, நிமிடத்தை.
நிமிடத்தை இரண்டு தடவை,
யோசித்துக்கொண்டிருந்ததில் ஒன்று கழிந்திருந்தது.

மேஜையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.
எங்கே போக வேண்டியதோ.
ஆறிய டீயில் ஏடு படிந்திருந்தது, குடித்தேன்.

பிறகு வெறுங்காலோடு நடைக்கூடத்துக்குப் போய்
எங்கள் வீட்டு மானியைப் பார்த்தேன்.
சிவப்புப் பொட்டு வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தது.
பார்த்துக்கொண்டே நின்றேன், பாதம் மரக்கும்வரை.
எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை.